நடுவுல யாரையாவது வழி கேக்கணுமா?

பெட்டி கட்டியாச்சு! - வாரத் தொடர்

"ஏம்பா, பிளேன்ல போறப்ப நடுவுல யாரையாவது வழி கேக்கணுமா?"

பேரணாம்பட்டில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா கேட்ட கேள்வி இது. சொந்தப் பெரியம்மா இல்லை. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த டேனரியில் தோல்களை ரகம் பிரிக்கும் மேஸ்திரியாக இருந்தவரின் மனைவி. மேஸ்திரி போய் ஆறு வருடம் ஆகிறது. பெரியம்மாவுக்கு வயது 66. சர்க்கரைக்கு தினமும் ஊசி, இரண்டு முட்டியிலும் வலி. தமிழ் தெரியும், தெலுங்கு தெரியும், ஆங்கிலம் தெரியாது. இதுவரை போன தூரமெல்லாம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் திருப்பதியும்தான்.

அவருடைய மகள் ஜெர்மனியில், ஃபிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் நர்ஸ். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. வந்து கூட்டிப்போக அவருக்கு லீவும் இல்லை. பெரியம்மா தனியாகத்தான் போயாக வேண்டும்.

மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு டிக்கெட் விவரம் அனுப்பியிருந்தாள். ஒன்று, லுஃப்தான்சா: சென்னையிலிருந்து நேராக ஃபிராங்க்பர்ட். இன்னொன்று, எமிரேட்ஸ்: சென்னையிலிருந்து துபாய், அங்கே விமானம் மாறி ஃபிராங்க்பர்ட். அன்றைய விலையில் துபாய் வழி சுமார் எட்டாயிரம் ரூபாய் குறைவு. "அண்ணா, நீங்கதான் ரெண்டுலயும் போறீங்களே... அம்மாவுக்கு எது நல்லது?" என்று கேட்டிருந்தாள்.

கேட்ட இடம் சரிதான். பதப்படுத்திய தோலை வெளிநாட்டு ஷூ கம்பெனிகளுக்கு விற்பதுதான் என் வேலை. பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிலானில் நடக்கும் 'லீனியாபெல்லே' தோல் கண்காட்சி, நடுவில் ஜெர்மனியில் பிர்மாசென்ஸ் பக்கம் ஷூ தயாரிப்பாளர்கள் என்று பதினெட்டு வருடமாகப் பெட்டியும் கையுமாகத்தான் வாழ்க்கை. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த சீட் அகலம், எதில் சாப்பாடு ருசி, எதில் படம் அதிகம், எதில் பாயின்ட் சேரும் என்று அரை மணி நேரம் விளாசித் தள்ளினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்கு பதில் தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு கணக்கை நான் போட்டதே இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து இரண்டு விமானங்களையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை பெரியம்மாவின் கண்ணால். இந்த வாரக் கட்டுரை அதுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' திட்டத்தில் நான் தங்க அட்டைக்காரன். அட்டை கையில் இருப்பவன் சொல்லும் ஒப்பீட்டைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். எட்டாயிரம் ரூபாய் மிச்சமாகும் இடத்தில்கூட, பாயின்ட் சேருமே என்று விலை அதிகமான டிக்கெட்டை வாங்கிய ஆள் நான்.

வழக்கமான ஒப்பீடு, சுருக்கமாக

நேரம்: லுஃப்தான்சா வழக்கமாக நள்ளிரவு தாண்டி சென்னையில் கிளம்பும். சுமார் பத்து மணி நேரப் பயணம். அந்த ஊர் காலையில் இறங்கலாம். இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஃபிராங்க்பர்ட் விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை விமானங்கள் ஏறி இறங்க 2011 முதல் தடை இருக்கிறது. சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களின் தூக்கத்துக்காக வந்த தடை. எமிரேட்ஸில் துபாய்க்கு நான்கு மணி நேரம், அங்கிருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம். நடுவில் காத்திருப்பு தனி.

வாய்ப்பு: சென்னையிலிருந்து லுஃப்தான்சாவுக்கு ஒரு நாளில் ஒரு விமானத்துக்கு மேல் கிடையாது. எமிரேட்ஸுக்கு அப்படி இல்லை. ஒன்றை விட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு பெங்களூருவும் கைக்கெட்டும் தூரம்தான். ஆம்பூர் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சென்னை. மலைப்பாதையில் ஏறி வி.கோட்டா, கே.ஜி.எஃப். வழியாகப் போனால் பெங்களூரு. பெங்களூருவுக்கு 2022 அக்டோபர் முதல் எமிரேட்ஸின் இரண்டு அடுக்கு ஏ380 வருகிறது. லுஃப்தான்சாவுக்கும் அங்கிருந்து ஃபிராங்க்பர்ட், மியூனிக் இரண்டுக்கும் விமானம் உண்டு.

இருக்கை: எமிரேட்ஸின் போயிங் 777, ஏ380 இரண்டிலும் எகானமி வகுப்பில் வரிசைக்கு 3-4-3 என்று பத்து பேர். லுஃப்தான்சாவின் ஏ340 விமானத்தில் 2-4-2. கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு சீட் வரிசை சொர்க்கம். மூன்றாவது ஆளை எழுப்பி எழுப்பி வெளியே வர வேண்டியதில்லை.

படம்: தமிழ்ப் படம் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றால், என் ஓட்டு எமிரேட்ஸுக்கு.

இந்த அளவில் கணக்குப் போட்டால் என்னைப் போன்றவனுக்கு எமிரேட்ஸ் ஜெயித்துவிடும். மிலானுக்குப் போகிறவனுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. துபாயிலிருந்து மிலான் மால்பென்சாவுக்கு நேரடி விமானம். இமிக்ரேஷன் மிலானில் ஒரே இடத்தில் முடிந்துவிடும். லுஃப்தான்சாவில் மிலான் போனால், ஃபிராங்க்பர்ட்டில் விமானம் மாறும் இடைவெளியிலேயே ஐரோப்பிய இமிக்ரேஷன் வரிசையில் நிற்க வேண்டும். ஷெங்கன் நாடுகளில் முதலில் எங்கே கால் வைக்கிறோமோ அங்கேதான் விசாரணை. 'நேரடி விமானம்' என்ற பெருமை ஃபிராங்க்பர்ட்டோடு முடிந்தது.

ஆனால், பெரியம்மா மிலான் போகவில்லையே.

எத்தனை தடவை கேட்க வேண்டும்?

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டேன். ஆங்கிலம் தெரியாத ஒருவர் யாரையாவது எதையாவது கேட்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக எழுதினேன்.

நேரடி விமானம்: சென்னை செக்-இன் கவுன்ட்டர், இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை, கேட், சீட். இவை எல்லாவற்றிலும் தமிழிலேயே கேட்கலாம், சீட் ஒன்றைத் தவிர. பிறகு ஃபிராங்க்பர்ட்டில் இமிக்ரேஷன், பெட்டி வரும் பெல்ட், வெளியே போகும் வழி. மொழி தெரியாத இடம் மொத்தம் நான்கு.

துபாய் வழி: அந்த நான்கும் அப்படியே. கூடவே, துபாயில் இறங்கியதும் எந்தப் பக்கம் போவது, மறுபடி பாதுகாப்புச் சோதனை, பலகையில் அடுத்த விமானம் எது, எந்தப் பகுதி, எந்த கேட், ரயில் ஏற வேண்டுமா, கடைசி நிமிடத்தில் கேட் எண் மாறினால் யாரிடம் கேட்பது, இரண்டாவது விமானத்தில் சீட். மொத்தம் பன்னிரண்டு.

துபாயின் மூன்றாவது முனையம் எமிரேட்ஸுக்கென்றே கட்டியது. எனக்கு அது இரண்டாவது வீடு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். ஆனால் அதன் அளவைச் சொன்னால் பெரியம்மா பயந்துவிடுவார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக உள்ளேயே ரயில் ஓடுகிறது.

'வீல்சேர் கேட்டுவிட்டால் தள்ளிக்கொண்டே போய் ஏற்றிவிடுவார்களே' என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். இரண்டு விமானங்களிலும் அந்த உதவி உண்டு. ஐரோப்பிய விமான நிலையங்களில் அதைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஆனால் வீல்சேர் என்பது ஒரே ஆள் கூடவே வருவது அல்ல. கைமாறிக் கைமாறிப் போவது. சென்னையில் ஒருவர், ஃபிராங்க்பர்ட்டில் ஒருவர் என்றால் இரண்டு கைதான். துபாய் வழியில் இறங்கும்போது ஒருவர், காத்திருப்புப் பகுதியில் விட்டுவிட்டுப் போவார். ஏற்றிவிட வேறொருவர் வருவார். அந்தக் காத்திருப்பு இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். சர்க்கரை ஊசி போடுகிறவர் அங்கே யாரிடம் சாப்பாடு கேட்பார்?

வீல்சேர் கேட்கும்போது டிராவல் ஏஜென்ட் மூன்று குறியீட்டில் ஒன்றைப் போடுவார். நம்மில் பலர் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. 'டபிள்யூ.சி.எச்.ஆர்' என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் மட்டும் நடக்க முடியாது என்று அர்த்தம். 'டபிள்யூ.சி.எச்.எஸ்' என்றால் படியும் ஏற முடியாது. 'டபிள்யூ.சி.எச்.சி' என்றால் சீட் வரைக்கும் தூக்கிச் சென்று உட்கார வைக்க வேண்டும். விமானம் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் மைதானத்தில் நின்று, படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டி வந்தால், இந்த ஒரு எழுத்துதான் முட்டியைக் காப்பாற்றும். பெரியம்மாவுக்கு இரண்டாவதைப் போடச் சொன்னேன்.

பெரியம்மாவின் இரண்டாவது கேள்வி

மறுநாள் போய் நாலு, பன்னிரண்டு என்ற கணக்கைச் சொன்னேன். பெரியம்மாவுக்குப் பரம திருப்தி. "அப்ப நேராவே போற வண்டியில போட்டுரு" என்றார். நானும் பெருமையாக எழுந்தேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டார்.

"பாத்ரூம் எங்கப்பா இருக்கும்? எனக்கு ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லுஃப்தான்சாவின் ஏ340 வகை விமானங்கள் சிலவற்றில் எகானமி பயணிகளுக்கான கழிப்பறைகள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும். விமானத்தின் நடுவில் படி இறங்கிப் போக வேண்டும். நான் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். கால் நீட்டி நடக்க நல்ல சாக்கு என்றுகூட நினைத்திருக்கிறேன். முட்டி வலிக்காதவனுக்கு அந்தப் படி கண்ணிலேயே படாது.

உடனே என்ன விமானம் என்று முன்பதிவில் பார்க்கச் சொன்னேன். எந்த வகை விமானம் வரும் என்பது சீசனுக்கு சீசன் மாறும். முன்பதிவு விவரத்தில் அது எழுதியிருக்கும். அதை வைத்து இணையத்தில் இருக்கை வரைபடம் பார்த்தால், கழிப்பறை எங்கே, படி எங்கே என்பது தெரிந்துவிடும். மகள் விமான நிறுவனத்துக்கு போன் போட்டுப் பேசி, மேல்தளத்திலேயே இருக்கும் கழிப்பறைக்குப் பக்கத்தில், நடைபாதை ஓர சீட்டாக வாங்கினாள். பதினெட்டு வருட அனுபவம் சொல்லாததை, பிளேனே ஏறாத பெரியம்மாவின் முட்டி சொல்லிக் கொடுத்தது.

சாப்பாட்டு விஷயம்

எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் விமானத்தைப் பற்றி எழுத முடியாது. எங்கள் முதலாளி பாய் எப்போதும் எமிரேட்ஸ்தான். அங்கே பரிமாறும் எல்லாச் சாப்பாடும் ஹலால். எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, தட்டைப் பார்த்து யோசிக்கவும் வேண்டியதில்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கத் தனியாக இஃப்தார் பெட்டி தருகிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தை, விமானம் அப்போது பறக்கும் இடத்தையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு அறிவிக்கிறார்கள். மேற்கே பறக்கும்போது சூரியன் மறைய மறுத்துக்கொண்டே கூட வரும் என்பதால் அந்தக் கணக்கு லேசுப்பட்டதல்ல.

லுஃப்தான்சாவில் முஸ்லிம் உணவு, இந்திய சைவ உணவு, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு எல்லாம் உண்டு. ஆனால் கேட்டால்தான் வரும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்திருக்க வேண்டும். எமிரேட்ஸிலும் சிறப்பு உணவுக்கு இதே கெடுதான். ஏறிய பிறகு கேட்டால் இரண்டிலும் கிடைக்காது.

பெரியம்மாவுக்கு சர்க்கரை உணவைப் பதிவு செய்தோம். ஆனாலும் நாலு இட்லியைப் பொடி தடவிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஊசி போட்ட பிறகு தட்டு வரத் தாமதமானால் அந்த இட்லிதான் துணை. ஊசி மருந்தும் மாத்திரையும் டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் இருக்க வேண்டும். லக்கேஜில் போடவே கூடாது.

பெட்டிக்குள் இருக்கும் ஆபத்து

பிரசவம் பார்க்கப் போகிற அம்மாவின் பெட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லேகியம், பூண்டு, மிளகாய்த்தூள், நெய், கருவேப்பிலை, அரைத்த மசாலா... பெரியம்மாவின் பட்டியலில் எல்லாமே இருந்தன.

எடைக் கணக்கில் இரண்டு கம்பெனிக்கும் வித்தியாசம் உண்டு. எமிரேட்ஸ் இந்த வழியில் மொத்த எடையைப் பார்க்கும். டிக்கெட் வகையைப் பொறுத்து 20 கிலோவில் தொடங்கி மேலே போகும். அதை இரண்டு பெட்டியாகப் பிரித்தும் கொண்டுபோகலாம். லுஃப்தான்சா பெட்டியின் எண்ணிக்கையைப் பார்க்கும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. ஒன்றில் 25, இன்னொன்றில் 18 என்று வைத்துக்கொண்டு 'மொத்தம் சரிதானே' என்று வாதாட முடியாது. கைப்பை எமிரேட்ஸில் 7 கிலோ, லுஃப்தான்சாவில் 8 கிலோ.

எடையைவிட முக்கியமானது உள்ளே என்ன இருக்கிறது என்பது. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களும் இறைச்சி வகைகளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கருவேப்பிலைக்கும் அனுமதி கிடையாது. இது எந்த விமானத்தில் போனாலும் பொருந்தும்.

துபாய் வழி போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கசகசா! நமக்கு அது குருமாவில் அரைக்கும் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். வெறும் விமானம் மாறத்தானே போகிறோம் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கோடீன், டிராமடால் சேர்ந்த இருமல் மருந்து, வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. முட்டி வலிக்கு மாத்திரை போடுகிற பெரியவர்களை அனுப்புகிறவர்கள் சீட்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. பெரியம்மாவின் அரைத்த மசாலாவில் கசகசா இருந்தது. நேரடி விமானத்தில் போவதால் அந்தப் பிரச்னை இல்லை. இருந்தாலும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

தப்பு நடந்தால்?

ஒரு விமான கம்பெனி எப்படிப்பட்டது என்பது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் தெரியாது.

பல வருடங்களுக்கு முன், ஒரு சீசனின் மொத்த தோல் சாம்பிளையும் ஷேட் கார்டுகளையும் பெரிய பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிட்டு ஐரோப்பாவில் இறங்கினேன். நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. எந்த கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, மூன்று வருடமாகத் துரத்திப் பிடித்த ஒரு வாடிக்கையாளரோடு சந்திப்பு. வெறும் கையோடு போனேன். அவர் மரியாதையாக காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பெட்டி மூன்றாம் நாள் வந்தது. ஆர்டர் வரவே இல்லை. அந்த சீசனில் பாதி நாள் எங்கள் டிரம் சும்மா நின்றது. அதை ஓட்டுகிறவர்களின் கூலியில் அது தெரிந்தது. அன்றைக்குப் பிறகு ஷேட் கார்டுகள் என் கைப்பையில்தான்.

அந்த நாளில் எனக்கு எந்த விதியும் தெரியாது. பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்ட்டரில் புகார் எழுதி, 'பி.ஐ.ஆர்' என்கிற எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி தாமதமானதால் வாங்கிய துணிமணி, சாமான்களின் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். மான்ட்ரியல் ஒப்பந்தம் என்னும் சர்வதேச விதி இது. இந்தியா இதில் 2009-ல் சேர்ந்தது. இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அது வரம்புதான், நஷ்டத்துக்கு ஆதாரம் காட்டும் அளவுக்கே கிடைக்கும். நான் பில்லும் வைக்கவில்லை, கடிதமும் எழுதவில்லை.

பெட்டி விதி எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். தாமதம், ரத்து விஷயத்தில்தான் நம் இரண்டு விமானங்களும் பிரிகின்றன. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-ம் வருடத்து '261' என்றொரு விதி இருக்கிறது. விமானம் ரத்தானாலோ, மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ, பயணிக்குச் சாப்பாடு, தங்குமிடம் தருவதோடு பண இழப்பீடும் தர வேண்டும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ. நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். மோசமான வானிலை போல கம்பெனியின் கையை மீறிய காரணம் என்றால் பண இழப்பீடு கிடையாது; சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் உண்டு. கம்பெனியின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தம் கையை மீறிய காரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது.

இந்த விதி யாருக்குப் பொருந்தும்? ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும் பொருந்தும். ஐரோப்பாவுக்கு வரும் விமானம் என்றால், அது ஐரோப்பிய கம்பெனியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆக, லுஃப்தான்சாவில் போகும்போதும் வரும்போதும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எமிரேட்ஸில் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து திரும்பி வரும்போது மட்டும்தான். சென்னையிலிருந்து போகும்போது கிடையாது. எட்டாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்குள் இதுவும் ஒளிந்திருக்கிறது.

சட்டம் இருப்பதால் தொல்லையே வராது என்றில்லை. லுஃப்தான்சாவில் 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஊழியர் வேலைநிறுத்தம் மாறி மாறி நடந்து விமானங்கள் ரத்தாயின. அதே வருடம் ஏப்ரல் 16-ம் தேதி துபாயில் வரலாறு காணாத மழை. எமிரேட்ஸ் ஏறக்குறைய 400 விமானங்களை ரத்து செய்தது. அதன் தலைவர் டிம் கிளார்க் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2025 ஜூனில் வளைகுடா வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. அப்படி ஒரு நாளில் சிக்கினால், நேரடி விமானப் பயணி பெரும்பாலும் சென்னையிலேயே நிற்பார். வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். மாறிப் போகிறவர் மூன்றாவது நாட்டில் நிற்பார். எமிரேட்ஸ் துபாயில் நீண்ட காத்திருப்புக்குச் சில நிபந்தனைகளோடு ஓட்டல் அறை தருகிறது. நானே தங்கியிருக்கிறேன், நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் ஒருவர் கவுன்ட்டரில் போய்க் கேட்க வேண்டிய விஷயம்தானே?

கழுத்தில் ஒரு அட்டை

பெரியம்மாவுக்கு லுஃப்தான்சா டிக்கெட்டே போட்டோம். எட்டாயிரம் அதிகம் கொடுத்து, எட்டுக் கேள்விகளைக் குறைத்தோம். ஒரு கேள்விக்கு ஆயிரம் ரூபாய்.

ஒரு அட்டையில் தமிழ், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் எழுதி லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டோம். 'நான் சர்க்கரை நோயாளி', 'எனக்குக் கழிப்பறை போக வேண்டும்', 'எனக்கு வெந்நீர் வேண்டும்', 'என் மகளுக்கு போன் போடுங்கள்' என்று நாலே வரி. கீழே மகளின் போன் நம்பர். இமிக்ரேஷன் அதிகாரி கேட்பதற்காக மகளின் அழைப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்தோம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுத்திருப்பீர்கள். அந்தத் தாளை விசா வாங்கியதும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர்.

சென்னை விமான நிலைய வாசலில் நானும் என் மனைவியும் நின்றோம். வீல்சேர் தள்ள வந்த பையன், "எந்த ஊரும்மா?" என்று கேட்டான். "பேர்ணாம்பட்டு" என்றார் பெரியம்மா. "நான் குடியாத்தம்மா" என்றான் அவன். பெரியம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனோடு பேசிக்கொண்டே போய்விட்டார்.

பேரன் பிறந்தான். மூன்று மாதம் முடிவதற்குள் பெரியம்மா ஊர் திரும்பினார். பார்க்கப் போனேன்.

"எத்தினி தடவ கேட்டீங்க பெரியம்மா?"

"ஒரே ஒரு வாட்டிதான். வெந்நீர் கேட்டேன். அட்டையில அந்த வரிய மட்டும் தொட்டுக் காமிச்சேன். அந்தப் பொண்ணு கொண்டாந்து குடுத்துட்டு, கீழ எழுதியிருந்த தமிழையும் படிச்சுக் காட்டச் சொல்லிச்சு. 'வெந்நீர், வெந்நீர்'னு சொல்லிப் பாத்துக்கிச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அடுத்த வருஷம் பேரன் பொறந்த நாளுக்குப் போவீங்க இல்ல? அதே விமானத்துலயே போட்டுடலாம்" என்றேன்.

பெரியம்மா தலையை ஆட்டினார்.

"வேணாம்ப்பா. அடுத்த வாட்டி அந்த துபாய் வழியாவே போடு. பேரனுக்கு ஒரு காப்பு வாங்கணும். எட்டாயிரமும் மிச்சம் ஆவுது பாரு."

"அங்கே பன்னெண்டு எடத்துல கேக்கணும் பெரியம்மா!"

"கேட்டா இன்னா? அதான் கேக்கத் தெரிஞ்சுபோச்சே" என்றார்.